கிளிக்குக்குக் காசு: தமிழுக்குத் தாமதமாகத் திறந்த சந்தை



மலைமேல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இப்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "தாத்தா, வெப்சைட் ஆரம்பிச்சு விளம்பரம் போட்டா காசு வருமாமே, நெசமா?" என்று. அதற்கென்று கருவிகள் இருக்கின்றனவாம், பயிற்சி வகுப்பு இருக்கிறதாம், இவ்வளவு கட்டினால் மாதம் இவ்வளவு வருமாம். செல்போனைத் திறந்தாலே அந்த அழைப்புதான். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் காசு எங்கே பிறந்தது, நம் மொழிக்கு எப்போது வந்தது, இப்போது என்ன ஆயிற்று என்று வரலாறாகச் சொன்னால்தான் விளங்கும். உங்கள் வீட்டுப் பேரன் பேத்திகள் கேட்டாலும் உதவும்.

விளம்பரத்தை நம்பி எழுத்து பிழைப்பது நமக்குப் புதிதல்ல. 1928இல் எஸ்.எஸ். வாசன் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 8 எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்ற கதை நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பலர் மறந்துவிட்டது, அதற்கு முன் அவர் செய்துவந்த தொழில். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும், தபால் மூலம் பொருள் விற்பதும்தான் அது. விளம்பரம் போட்டால் எத்தனை பேர் பதில் எழுதுகிறார்கள் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் அவர்.

ஆனால் பத்திரிகை விளம்பரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இடத்துக்குத்தான் காசு. இத்தனை அங்குலம், இத்தனை ரூபாய். வாசகர் பார்த்தாரா, புரட்டிவிட்டுப் போனாரா என்பது விளம்பரம் கொடுத்தவரின் தலையெழுத்து.

இணையம் வந்த புதிதிலும் இதே வழக்கம்தான். 1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் 'ஹாட்வயர்டு' என்ற இணையப் பத்திரிகை பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. இன்றைய இணைய விளம்பரத்தின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன்பின் பல ஆண்டுகள், ஆயிரம் பேர் கண்ணில் பட்டால் இவ்வளவு என்றுதான் விலை பேசினார்கள்.

1998இல் பில் கிராஸ் என்பவர் இதைத் தலைகீழாக்கினார். அவர் தொடங்கிய 'கோ-டூ டாட் காம்' என்ற தேடுதளத்தில், ஒருவர் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போனால் மட்டுமே காசு. எவ்வளவு என்பதும் ஏலம்தான். ஒரு சொல்லைத் தேடுகிறவருக்கு யாருடைய கடை முதலில் தெரிய வேண்டும் என்று வியாபாரிகள் போட்டி போட்டுக் கேட்க வேண்டும். ஒரு கிளிக்குக்கு ஒரு சென்ட் என்றுகூட ஏலம் தொடங்கலாம். தேடுகிறவருக்குக் காட்டும் முடிவையே விலைக்கு விற்பதா என்று அன்று முகம் சுளித்தவர்கள் நிறைய.

சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் வாழைத்தாரும் கைமாறுவதைப் பார்த்த நமக்கு இது எளிதில் புரியும். வாங்குகிறவர் நான்கு பேர் வந்தால் விலை ஏறும், ஒருவரே வந்தால் அவர் சொன்னதுதான் விலை. பழம் எவ்வளவு இனிப்பு என்பது அப்புறம்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மீதிக் கதை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

கோ-டூ 2001இல் 'ஓவர்ச்சர்' என்று பெயர் மாறியது. 2003இல் அதை யாகூ சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கியது. இதற்கிடையில் கூகுள் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு 'ஆட்வேர்ட்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியிருந்தது. முதலில் ஆயிரம் பார்வைக் கணக்கு. 2002 பிப்ரவரியில் அதுவும் கிளிக் ஏலத்துக்கு மாறியது. எங்கள் முறையை எடுத்துக்கொண்டார்கள் என்று ஓவர்ச்சர் வழக்குப் போட்டது. 2004இல் கூகுள் தன் பங்குகளில் 27 லட்சத்தை யாகூவுக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இதுவரை காசு தேடுதளக்காரருக்குத்தான். எழுதுகிறவருக்கு வழி திறந்தது 2003இல். அந்த ஆண்டு ஜூனில் கூகுள் 'ஆட்சென்ஸ்' என்ற திட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டால் போதும். இயந்திரம் அந்தப் பக்கத்தைப் படித்து, அதில் உள்ள விஷயத்துக்குப் பொருத்தமான விளம்பரத்தை வைக்கும். யாராவது தொட்டால் வரும் காசில் ஒரு பங்கு உங்களுக்கு. எவ்வளவு பங்கு என்பதை ஏழு ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. 2010இல்தான் நூற்றுக்கு 68 என்று அறிவித்தார்கள்.

காசு வரும் என்று தெரிந்ததும் கருவிகள் முளைத்தன. எந்தச் சொல்லுக்கு ஏலத்தில் என்ன விலை என்று காட்டும் கருவி ஒன்று. பக்கத்தில் எந்த மூலையில் விளம்பரம் வைத்தால் அதிகம் தொடுகிறார்கள் என்று சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டும் வரைபடம் ஒன்று. அதைக் கூகுளே வெளியிட்டிருந்தது. விளம்பரத்தின் நிறத்தைக் கட்டுரையின் நிறத்தோடு கலந்து வைக்கும் உத்தி இன்னொன்று.

விலை காட்டும் கருவி செய்த வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் 'மீசோதீலியோமா' என்ற புற்றுநோயின் பெயருக்கு அமெரிக்காவில் பெரும் விலை இருந்தது. அந்த நோயாளிகளுக்காக இழப்பீட்டு வழக்கு நடத்தும் வக்கீல்கள் ஒரு கிளிக்குக்குப் பல டாலர் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். உடனே அந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களெல்லாம் அதைப் பற்றி இணையதளம் தொடங்கினார்கள். விளம்பரத்துக்காகவே எழுதப்பட்ட இப்படிப்பட்ட பக்கங்கள் குவிந்து, தேடுகிறவர்களுக்குச் சலிப்பானபின், 2011இல் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. அப்படிப்பட்ட தளங்கள் பல ஒரே நாளில் பின்பக்கத்துக்குப் போயின. கருவியை நம்பிக் கடை வைத்தவர்கள் கடையை மூடினார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம்.

தமிழில் வலைப்பூக்கள் தொடங்கியதும் அதே 2003 வாக்கில்தான். 2004இல் 'தமிழ்மணம்' திரட்டி வந்தது. எங்கெங்கோ இருந்து எழுதுகிறவர்களை ஒரே இடத்தில் படிக்க முடிந்தது. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டொரான்டோவிலிருந்தும் எழுதினார்கள். ஊர்க் கதை, சமையல், கோயில் வரலாறு, கணினிப் பாடம் என்று எழுதாத பொருள் இல்லை. ஆனால் ஆட்சென்ஸ் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. இயந்திரத்துக்குத் தமிழ்ப் பக்கத்தைப் படித்துப் பொருள் பிடிக்கத் தெரியவில்லை. தெரியாத மொழிப் பக்கத்தில் என்ன விளம்பரம் வைப்பது?

ஆகவே ஆங்கிலத்தில் எழுதியவருக்குக் கூகுளின் காசோலை தபாலில் வந்தது, தமிழில் எழுதியவருக்கு வரவில்லை. சிலர் குறுக்கு வழி கண்டார்கள். ஆங்கிலத்தில் பெயருக்கு ஒரு தளம் வைத்து அனுமதி வாங்கி, அந்த விளம்பரத்தைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டினார்கள். அது விதிக்குப் புறம்பு. கணக்கு எப்போது முடக்கப்படும் என்று தெரியாத பிழைப்பு. இந்திக்கு 2014 டிசம்பரில் கதவு திறந்தது. வங்காளத்துக்கு 2017இல். தமிழுக்கு 2018 பிப்ரவரியில். நல்ல எழுத்து செழித்த 15 ஆண்டுகள் கூலியில்லாமலே போயின. கதவு திறந்தபோது, முன்பு வலைப்பூவில் எழுதிய பலர் முகநூலுக்குப் போயிருந்தார்கள்.

சுவையான ஒற்றுமை ஒன்று. தமிழைச் சேர்த்த அதே 2018 பிப்ரவரியில்தான் தானியங்கி விளம்பர முறையையும் கூகுள் கொண்டுவந்தது. ஒரு வரி நிரலை ஒட்டிவிட்டால் போதும், எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதை இயந்திரமே முடிவு செய்யும். மூலை பார்த்து, நிறம் பார்த்து வைக்கும் பழைய வித்தைகளுக்கு அன்றே பாதி வேலை போயிற்று. தமிழ் எழுத்தாளர் கடைக்கு வந்தபோது கருவி கடைக்காரர் கைக்குப் போயிருந்தது.

முகவரி சரிபார்ப்பு மட்டும் பழைய பாணியில் தொடர்ந்தது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் ஆறு இலக்க எண் ஒன்றை அச்சிட்டுத் தபாலில் அனுப்புவார்கள். அதைக் கணினியில் பதிந்தால்தான் பணம் நகரும். தபால் துறையில் இருந்தவன் என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. மேகத்தில் நடக்கும் வியாபாரமும் கடைசியில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கிறது.

சரி, கதவு திறந்ததே, காசு வந்ததா? கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம் போடுகிறேன். ஒரு பக்கத்தை 1000 பேர் படிக்கிறார்கள், 100க்கு ஒருவர் விளம்பரத்தைத் தொடுகிறார், ஒரு தொடுகைக்கு எழுதியவருக்கு 2 ரூபாய் என்று வையுங்கள். 1000 பேருக்கு 20 ரூபாய். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கொடுப்பார்கள். அதை 8000 ரூபாய் என்று வைத்தாலும் 4 லட்சம் முறை படிக்கப்பட வேண்டும். நம் அறப்பளீஸ்வரர் கோயிலைப் பற்றியோ சாமை விதைப்பைப் பற்றியோ எழுதினால் 4 லட்சம் பேர் எங்கிருந்து வருவார்கள்?

இங்கேதான் சந்தைக் கணக்கு வருகிறது. கிளிக்கின் விலையை எழுத்தின் தரம் முடிவு செய்வதில்லை. அந்த வாசகரிடம் விற்க எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. காப்பீடு, கடன், வழக்கு பற்றிய ஆங்கிலப் பக்கத்துக்குப் போட்டி அதிகம். கனடாவிலோ லண்டனிலோ இருந்து படிக்கும் தமிழரின் தொடுகைக்கும் விலை கூடுதல், ஏனென்றால் அந்த ஊர் வியாபாரிகள் ஏலத்தில் நிற்கிறார்கள். நாமக்கல்லிலும் சேலத்திலும் உள்ள கடைக்காரர் இன்னும் தினத்தாளுக்கும் சுவருக்கும் உள்ளூர் கேபிளுக்கும்தான் விளம்பரம் கொடுத்துப் பழகியவர். அவர் ஏலத்துக்கு வராதவரை, தமிழ்ப் பக்கத்தின் விலையை எந்தக் கருவியாலும் தூக்க முடியாது. நம் மிளகு எவ்வளவு காரமாக இருந்தாலும் விலை கீழே சமவெளியில் முடிவாவது போலத்தான்.

ஆட்டம் மேலும் இரண்டு முறை மாறியது. 2021இல் ஏல முறையை மாற்றினார்கள். முன்பு வென்றவர் தனக்கு அடுத்தவர் கேட்ட விலையை ஒட்டிக் கொடுத்தால் போதும். இப்போது தான் கேட்ட விலையையே கொடுக்க வேண்டும். பிறகு 2023 நவம்பரில் பெரிய அறிவிப்பு வந்தது. ஆட்சென்ஸ் இனிக் கிளிக்குக்குக் காசு கொடுக்காது, விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதற்கே கொடுக்கும் என்றார்கள். 2024 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய ஆயிரம் பார்வைக் கணக்குக்கே திரும்பிவிட்டது. கிளிக் கூலியில் தமிழ் எழுத்துக்குக் கிடைத்தது ஆறு ஆண்டுகள்தான்.

பணம் அறவே வராமலில்லை, பாதை மாறிவிட்டது. 2018இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தாத்தாவும் பேரன்களும் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். யூடியூபில் வரும் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 படம் எடுத்தவருக்கு. மொழி தெரியாதவரும் பார்க்கலாம் என்பதால் உலகமே அதற்குச் சந்தை. எழுத்துக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எழுதுங்கள், விளம்பரமும் வையுங்கள், அதற்கு ஒரு பைசா கட்டணம் இல்லை. கருவி வேண்டுமானால் கணக்குக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. வருமானத்தை இரட்டிப்பாக்கும் மென்பொருள் என்று விற்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: ஏலத்துக்கு வராத வியாபாரியை அது கூட்டி வருமா? உன் விளம்பரத்தை நான் தொடுகிறேன், என்னுடையதை நீ தொடு என்று வாட்ஸ்அப் குழுவில் சேராதீர்கள். இயந்திரம் அதைக் கண்டுபிடித்துக் கணக்கை மூடும், சேர்ந்த பணமும் விளம்பரதாரருக்கே திரும்பிப் போகும். நம் கொல்லிப்பாவை சிரித்து மயக்கித்தான் ஆளைக் கொல்லுமாம். பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்லும் விளம்பரத்தில் சிரிக்கிற முகத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவுதான் வருகிறது.

இன்னொரு வழியையும் யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். மலை மிளகு, காபி, தேன் விற்கிறவர்களும், தங்கும் விடுதி வைத்திருப்பவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். கொல்லிமலையைப் பற்றித் தேடிவரும் வாசகர்தான் அவர்களுக்கு வேண்டிய ஆள். அவர்களிடம் நேரில் போய் ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி ஒரு விளம்பரம் வாங்கினால், நடுவில் தரகும் இல்லை, ஏலமும் இல்லை. வாசன் அந்தக் காலத்தில் செய்த வேலையும் அதுதான், கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்டது.