பசியின் தூது – 9: இருட்டறையில் ஒரு ஃபிலிம்

போன வாரம் ஜெஃப்ரி ஃப்ரீட்மனை இருட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாள் காத்திருந்தீர்கள். வாருங்கள், உள்ளே போவோம்.

1994 மே 8. ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி.

நியூயார்க் நகரம் தூங்குகிறது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஒரு மனிதர் எக்ஸ்-ரே ஃபிலிம் ஒன்றைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஃபிலிமில் அப்படி என்ன இருக்கிறது? எலியின் கொழுப்பிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஒரு மெல்லிய சவ்வில் வரிசையாகப் படியவைப்பார்கள். தேடுகிற மரபணுவின் ஆர்.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கத் துணுக்கு ஒன்றை அதன்மேல் விடுவார்கள். பிறகு ஃபிலிமை வைத்து மூடிவிடுவார்கள். மரபணு வேலை செய்திருந்தால் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். இல்லையென்றால் வெறுமை.

அந்த ஒரு கோட்டுக்காக எட்டு வருஷ உழைப்பு.

டக்ளஸ் கோல்மனை மறந்திருக்க மாட்டீர்கள். ஜாக்சன் ஆய்வகத்தில் எலிகளை இரண்டிரண்டாகத் தைத்து, ரத்த ஓட்டத்தை இணைத்துப் பார்த்தாரே, அவர்தான். பசி அடங்காத இரண்டு வகை குண்டு எலிகள். ஒரு வகையின் ரத்தத்தில் 'போதும்' என்று சொல்லும் பொருளே இல்லை. மற்ற வகையில் அது ஏராளம். மூளைதான் அதைக் கேட்பதில்லை. கோல்மன் இதைத் துல்லியமாகக் கணித்தார். அந்தப் பொருளைக் கையில் பிடிக்கத்தான் முடியவில்லை. ஓய்வும் பெற்றுவிட்டார்.

ஃப்ரீட்மன் மருத்துவம் படித்தவர். குடலில் சுரக்கும் சி.சி.கே. என்ற ஹார்மோன்தான் அந்தப் பொருள் என்று முதலில் எண்ணினார். தேடிப் பார்த்தால் அதன் மரபணு, குண்டு எலிகளின் கோளாறு இருந்த குரோமோசோமில் இல்லை; வேறொன்றில் இருந்தது. ஊகம் உடைந்தது. அப்படியென்றால் எதுதான் அது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அவரோடு சேர்ந்து தேடிய ருடால்ஃப் லைபலின் கதை வேறு. அவர் குழந்தை மருத்துவர். ஒருநாள் ஒரு தாய் தன் பருமனான மகனை அழைத்து வந்தார். என்ன செய்வதென்று இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று திட்டிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தத் தாய் வெளியேறினார். லைபலால் அதை மறக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ராக்ஃபெல்லருக்கு வந்து சேர்ந்தார். இந்தத் தேடலின் மிக நேர்மையான தொடக்கம் அதுதான் என்பேன்.

இருட்டறைக்குத் திரும்புவோம்.

ஆறாவது குரோமோசோமில் அடி அடியாக நகர்ந்து, கடைசியில் ஒரு சிறு பகுதிக்கு வந்திருந்தார்கள். அங்கே ஒரு துணுக்கு சிக்கியது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 2ஜி7. மற்ற உறுப்புகளில் அது மௌனம். கொழுப்பில் மட்டும் பேசியது. ஆனால் அது மட்டும் போதாது. கோல்மனின் முதல் வகைக் குண்டு எலியில் அந்த மரபணு கெட்டிருக்க வேண்டும்.

ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார்.

சாதாரண எலியின் வரிசையில் கோடு இருந்தது.

குண்டு எலியின் வரிசையில்?

இல்லை!

ஃப்ரீட்மனுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேடியது கிடைத்துவிட்டது.

அதே மரபணு கெட்டுப்போன இன்னொரு வம்சத்து எலிகளும் இருந்தன. அவற்றில் ஆர்.என்.ஏ. இயல்பைவிட இருபது மடங்கு! ஆனால் பாதி வழியிலேயே 'இங்கே நிறுத்து' என்று ஒரு பிழையான ஆணை. புரதம் முழுமையாக உருவாவதில்லை. தூது மூளைக்குப் போய்ச் சேராததால், கொழுப்பு மறுபடி மறுபடி ஆள் அனுப்பிப் பார்க்கிறது. வழி வேறு, விளைவு ஒன்றுதான். மூளைக்குத் தகவல் வரவில்லை. எலி தின்றுகொண்டே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். உடம்பில் சும்மா சேர்ந்து கிடக்கும் சுமை என்று எல்லோரும் நினைத்த கொழுப்பு, ஒரு சுரப்பியைப் போல ஹார்மோன் சுரக்கிறது! கொழுப்புச் சேமிப்பு ஏறினால் ஹார்மோனும் ஏறும்; மூளையின் ஹைப்போதலாமஸ் பசியை அடக்கும். சேமிப்பு கரைந்தால் ஹார்மோன் இறங்கும். மூளை பசியைக் கிளப்பிவிடும். பட்டினி கிடந்து இளைத்தவர்களை அந்தப் பசி ஏன் அப்படி வாட்டுகிறது என்பதற்கு முதன்முறையாக ஒரு விடை.

டிசம்பரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. ஆசிரியர் பட்டியலில் ஃப்ரீட்மனோடு ஐந்து பேர். லைபலின் பெயர் அதில் இல்லை. அந்தத் தாயின் கோபத்தைச் சுமந்துவந்த மனிதரின் பெயர் விடுபட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்த கோடையில் அந்த ஹார்மோனை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். பெயர் லெப்டின். இரண்டே வாரத்தில் குண்டு எலிகளின் எடையில் 30 சதவீதம் கரைந்தது. கோல்மனின் இரண்டாம் வகை எலிகளுக்கோ துளி மாற்றமும் இல்லை. அவர் சொன்னது அச்சு அசலாகப் பலித்தது.

பணமும் வந்து குவிந்தது. ஆம்ஜென் நிறுவனம் இந்த மரபணுவின் உரிமைக்கு ராக்ஃபெல்லரிடம் 2 கோடி டாலர் கொடுத்தது. ஒரு ஊசி, உலகமே இளைத்துவிடும் என்ற கனவு.

அப்புறம் பருமனான மனிதர்களின் ரத்தத்தை எடுத்து லெப்டினை அளந்தார்கள்.

குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள் அல்லவா? இல்லை. ஒல்லியானவர்களைவிடப் பெரும்பாலோருக்கு மிக அதிகம்!

தூது போய்க்கொண்டேதான் இருக்கிறது. கேட்க வேண்டிய மூளை கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஊசி என்ன செய்யும்?

ஆம்ஜென் தலையில் கைவைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ரஹிலியின் குழுவிடம் இரண்டு குழந்தைகளின் ரத்தம் வந்து சேர்ந்தது. மூத்த குழந்தைக்கு வயது எட்டு. எடை 86 கிலோ.

லெப்டினை அளந்தார்கள்.

கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

(அடுத்த வாரம்: முதல் ஊசி)