ஒரு டாலர் நிலமும் அதைத் துடைத்த பொதுப்பணமும்

தரிசு வேறு, பாழ் வேறு. தரிசு உழவனுக்காகக் காத்திருப்பது. பாழ், மனிதன் பயன்படுத்திக் கெடுத்துவிட்டுப் போனது. ஆலைகள் கைவிட்டுச் சென்ற நிலத்திற்கு இரண்டாம் சொல்லே பொருந்தும். அந்நிலத்தைத் தூய்மை செய்யும் செலவு யாருடையது என்ற வழக்கு அமெரிக்காவில் அரை நூற்றாண்டாகத் தீரவில்லை. அதன் தொடக்கம் நயாகரா நகரில் உள்ள லவ் கால்வாய்.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். வில்லியம் லவ் என்பவர் 1890களில் நயாகரா ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுத்து, அருகிலேயே தொழில் நகரம் ஒன்றை எழுப்ப எண்ணி வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. பொருளாதார வீழ்ச்சி வந்தது. மின்சாரத்தை வெகுதொலைவு கொண்டுசெல்லும் மாறுமின்னோட்டமும் வந்தது. கனவு கலைந்தது, பள்ளம் மிஞ்சியது. ஹூக்கர் என்னும் வேதிப்பொருள் நிறுவனம் 1942 முதல் 1953 வரை அப்பள்ளத்தில் ஏறத்தாழ 21,000 டன் கழிவைக் கொட்டி, மண்ணிட்டு மூடி, நகரப் பள்ளி வாரியத்திற்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. உள்ளே வேதிக்கழிவு இருக்கிறது, பின்னால் எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தது. அதை அறிந்தும் வாரியம் அங்கே பள்ளிக்கூடம் கட்டியது! சுற்றிலும் வீடுகள் எழுந்தன.

1970களின் பிற்பகுதியில் பெருமழையும் பனியும் நிலத்தடி நீரை உயர்த்த, வீடுகளின் நிலவறைச் சுவர்களில் கரிய சாறு கசிந்தது. 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் நெருக்கடி நிலை அறிவித்தார். இயற்கைச் சீற்றமல்லாத ஒன்றிற்காக மத்திய அரசின் அவசரநிதி செலவிடப்பட்டது அதுவே முதல்முறை. ஆனால் கால்வாயை ஒட்டிய குடும்பங்கள் மட்டுமே முதலில் வெளியேற்றப்பட்டன. எஞ்சியோர் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசியின் தலைமையில் போராடினர். 1980 மே மாதத்தில் சுற்றுச்சூழல் முகமையின் அதிகாரிகள் இருவரைச் சில மணி நேரம் சிறைபிடித்து வைத்தனர். இரண்டே நாளில் இரண்டாம் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மனுக்களால் ஆகாதது அன்று ஆயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் சூப்பர்ஃபண்ட். கெடுத்தவன் இருந்தால் அவனிடம் வசூல். திவாலாகியோ மறைந்தோ போயிருந்தால் நிதியிலிருந்து செலவு. ஐந்தாண்டுக்கு 160 கோடி டாலர். அதில் எட்டில் ஏழு பங்கு எண்ணெய், வேதித் தொழில்களின் மீதான வரி. தனியொருவன் தப்பினாலும் அவன் தொழிலினம் ஈடு செய்யட்டும் என்ற ஏற்பாடு. அறம் சார்ந்த நிதிச்சட்டம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

வரி 1995இன் முடிவில் காலாவதியானது; காங்கிரஸ் புதுப்பிக்கவில்லை. சேமிப்பு 2003 அளவில் கரைந்தது. பின்னர் பொதுமக்களின் வரிப்பணமே பெருமளவு செலவைச் சுமந்தது, பணிகள் மந்தமாயின. வேதிப்பொருள் வரி 2022 ஜூலையிலும் எண்ணெய் வரி 2023 ஜனவரியிலும்தான் மீண்டன. இடையில் போனது கால் நூற்றாண்டுக்கும் மேல்.

சட்டத்திற்கு எதிர்பாராத விளைவும் ஒன்று உண்டு. நிலத்தை வாங்கியவனும் பொறுப்பாளி ஆவான் என்ற அச்சத்தால், சிறிதளவே கெட்ட பழைய ஆலை மனைகளைக்கூட யாரும் தொடவில்லை. நகர நடுவே அவை பூட்டிக் கிடக்க, தொழில்கள் புறநகரின் புதுநிலங்களைத் தேடிப் போயின. முறையாக ஆய்வு செய்து வாங்குவோருக்குப் பாதுகாப்பும், ஊராட்சிகளுக்குத் தூய்மைப்பணி மானியமும் தந்தது 2002ஆம் ஆண்டுச் சட்டம். பலன் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் மறுவிற்பனைக்கு மதிப்புள்ள மனையே முதலீட்டாளரை ஈர்க்கும். பொதுப்பணத்தால் துலங்கிய மனையின் விலை ஏறும்போது, நஞ்சுக்கிடையே வாழ்ந்த வாடகைக் குடித்தனக்காரர் அங்கே நிலைப்பாரா என்று மானியத்தோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

லவ் கால்வாய்க்குத் திரும்புவோம். ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்சிடென்டல் நிறுவனம் 1995இல் மத்திய அரசுக்கு 12.9 கோடி டாலர் தர இசைந்தது. 2004இல் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து இடத்தின் பெயர் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1990 முதல், அண்டையிலிருந்த வீடுகள் பழுதுபார்த்து விற்கப்பட்டன. அப்பகுதிக்கு பிளாக் கிரீக் வில்லேஜ் என்று புதுப்பெயர். கழிவை யாரும் அள்ளிச் செல்லவில்லை. களிமண் மூடிக்கும் வேலிக்கும் உள்ளே, பள்ளத்திலேயே அது கிடக்கிறது.