கடலும் பெருவழியும்: குரும்பலூரைச் சுற்றியுள்ள தலங்களின் வரலாறு

குரும்பலூர் பெரம்பலூருக்கு மேற்கே சுமார் 8 கி.மீ. தொலைவில், துறையூர் செல்லும் சாலையில் அமைந்த பேரூராட்சி. ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவுக்குள் இவ்வூரைச் சுற்றி மலை, அருவி, கோட்டை, பழங்கோயில், கல்லாகிப்போன மரம் என எல்லாம் உள்ளன. விடுமுறை நாளில் நண்பர்கள் கூடிப் புறப்பட்டால் எந்தத் திசையில் போனாலும் பார்க்க ஏதாவது இருக்கும். இவ்வளவும் இங்கே அடுத்தடுத்து அமைந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கெட்டியான பழம்பாறை முடிந்து பழங்காலக் கடலின் படுகை தொடங்கும் எல்லை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. திருச்சியை வடதமிழகத்தோடு இணைக்கும் பெருவழியும் இதன் நடுவே செல்கிறது.

மேற்கில் நிற்பது பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரவியிருக்கிறது. மழைக்காலத்தில் இதன் சரிவுகளில் ஓடைகள் பெருகும். லாடபுரம் அருகே மயிலூற்று அருவி விழும். பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடையே கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடி அணை கட்டப்பட்டுள்ளது. செட்டிகுளத்தில் ஏகாம்பரேசுவரர் கோயிலும், குன்றின் மேல் தண்டாயுதபாணி கோயிலும் உள்ளன. அங்குள்ள முருகன் கையில் வேலுக்குப் பதிலாகக் கரும்பு ஏந்தியிருப்பது அத்தலத்தின் தனிச்சிறப்பு. சின்ன வெங்காயத்துக்குப் பேர்பெற்ற வட்டாரமும் இதுவே. அறுவடை முடிந்ததும் காற்றோட்டமான பட்டறைகளில் வெங்காயத்தைச் சேமித்து, விலை பார்த்து விற்பது இங்குள்ள உழவர்களின் வழக்கம்.

கிழக்கேயும் தென்கிழக்கேயும் போகப் போக நிலம் மாறுகிறது. பாறை மறைந்து களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் தென்படும். 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து இந்தியா விலகியபோது கிழக்குக் கரையோரம் தாழ்ந்தது. அந்தத் தாழ்வில் கடல் புகுந்தது, பின்வாங்கியது, மீண்டும் புகுந்தது. ஒவ்வொரு முறையும் படிந்த சேற்றில் அக்காலத்து உயிர்கள் புதைந்தன. சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகள், சிப்பிகள், மீன் பற்கள் ஆகியவை இன்றும் அப்படிவுகளில் கிடைக்கின்றன.

இதை உலகம் அறியத் தொடங்கியது 1840-களில். கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர் இருவர் திரட்டிய புதைபடிவங்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். அடுத்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச்.எஃப். பிளான்ஃபோர்டு இப்பகுதியை ஊர் ஊராக அளந்து, 1862இல் வெளியிட்ட அறிக்கையில் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை வெளியிட்ட பெருந்தொகுப்புகள் இங்குள்ள உயிரினங்களை இனம் இனமாகப் பதிவு செய்தன. அதன் பிறகு இந்த ஊர்ப்பெயர்கள் உலகெங்கும் புவியியல் நூல்களில் இடம்பெற்றன.

அக்கடலின் மிகப் பெரிய சான்று சாத்தனூர் கல்மரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைப் பற்றி முதலில் எழுதினார். 18 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள இந்த அடிமரம் ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. ஆற்று வெள்ளம் இழுத்துவந்த மரம் ஆழமில்லாத கடலில் சேர்ந்து, காற்றுப் படாதபடி சேற்றில் மூழ்கியது. நீரில் கரைந்திருந்த சிலிகா மரத்தின் திசுக்களுக்குள் ஊறி, மெல்ல மெல்ல அவற்றின் இடத்தைப் பிடித்தது. மரத்தின் வடிவம் குலையாமல் பொருள் மட்டும் கல்லானது. இது இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். சாத்தனூரைப் போலவே காரை என்ற ஊரைச் சுற்றியுள்ள களிமண் வெளியும் பார்க்கத்தக்கது. மழைநீர் அரித்து உண்டாக்கிய எண்ணற்ற ஓடைப்பள்ளங்களில் ஜிப்சம் கீற்றுகள் மின்னும்.

இதே கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இவ்வட்டாரத்தின் சிமென்ட் தொழிலுக்கு அடிப்படை. கல்லக்குடியில் 1939இல் டால்மியா ஆலை தொடங்கியது. பின்னர் அரியலூரைச் சுற்றி ஆலைகள் பெருகின. விழுப்புரம்–திருச்சி இருப்புப்பாதையும் அரியலூர் வழியே சென்றது. ரயில் எட்டாத பெரம்பலூர் தன் பழைய பெருவழியையே நம்பி வளர்ந்தது.

அந்தப் பெருவழியின் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன மற்ற தலங்கள். தெற்கே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. மாவிளக்குக்கான அரிசியைக் கோயிலிலேயே இடித்து மாவாக்கி வழிபடுவது பக்தர்களின் மரபு. வடக்கே வாலிகண்டபுரம். வாலி வழிபட்ட இடமென்று தலபுராணம் சொல்லும் வாலீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்டது.

அதற்கும் வடக்கே, பெரம்பலூரிலிருந்து சுமார் 17 கி.மீ. தொலைவில் ரஞ்சன்குடிக் கோட்டை. கர்நாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், படிப்படியாக உயரும் மூன்று மதில்கள், நிலவறைகள், மசூதி ஆகியவை இதில் உள்ளன. 1751இல் நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதியபோது, திருச்சியை நோக்கி வந்த சந்தா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இங்கே எதிர்கொண்டது. இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் இருந்த கோட்டைத் தலைவர் கடைசியில் பிரெஞ்சுக்காரரை உள்ளே விட்டார். கம்பெனிப் படை நிலைகுலைந்து ஊட்டத்தூருக்கும் அங்கிருந்து திருச்சிக்கும் பின்வாங்கியது. அடுத்துத் திருச்சி முற்றுகையிடப்பட்டது. அதைத் தளர்த்தவே கம்பெனியின் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். மறு ஆண்டு ஜூனில் நிலைமை தலைகீழானது. ஸ்ரீரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படைக்கு உதவி கொண்டுவந்த தளபதி தொத்தேய் இதே கோட்டைக்குப் பின்வாங்கி, கிளைவிடம் சரணடைந்தார். சில நாட்களில் ஸ்ரீரங்கத்துப் படையும் ஆயுதத்தைக் கீழே வைத்தது. இந்தப் போரில் பிரெஞ்சுக்காரரின் ஓர் ஏற்றமும் ஒரு வீழ்ச்சியும் இந்தக் கற்சுவர்களை ஒட்டியே நடந்தன.

1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டு மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானது. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும் கல்மரம் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பிலும் உள்ளன. காரையின் படிவுகள் திறந்தவெளியில் கிடக்கின்றன. அங்கிருந்து ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கி எடுத்துப் போனால், அது எந்த அடுக்கில் இருந்தது, எக்காலத்தது என்ற செய்தி அத்தோடு அழிந்துவிடும். புவியியல் மாணவர்கள் பாடம் கற்க ஆண்டுதோறும் வரும் இடம் அது. பார்க்க வருவோர் கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டுச் செல்வதுதான் அதற்கு முதற்காவல்.