துருவக் கடலில் விளையும் முகில் விதை

மார்கழி, தை மாதங்களில் கொக்குவிலில் வீசும் வாடைக்காற்று இந்திய உபகண்டத்தின் புகையையும் தூசியையும் சுமந்து வருகிறது. சென்னையில் பிறந்த விஞ்ஞானி வீ. இராமநாதன் முன்னின்று நடத்திய ஆய்வு, இந்து சமுத்திரத்தின் மேல் பரவும் இப்புகைமண்டலத்தை 1999 இல் உலகறியச் செய்தது.

முகிலின் ஒவ்வொரு நீர்த்துளியும் நுண்துணிக்கை ஒன்றைப் பற்றியே திரள்கிறது. நம் வானில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆலையும் வாகனமும் அருகிய துருவங்களில் அவை எங்கிருந்து வருகின்றன? கோடையில் பனி விலகி வெயில் படும்போது கடலில் பெருகும் மிதவைத் தாவரங்களே முக்கிய ஊற்று. அவற்றிலுள்ள சேர்வையொன்றிலிருந்து இருமெதைல் சல்பைட்டு என்னும் வாயு உண்டாகிறது. நாம் கடல் மணம் என்பதில் அதற்கும் பங்குண்டு. காற்றில் அது ஒட்சியேற்றமடைந்து கந்தக அமிலமாகி, அமோனியாவின் துணையுடன் துணிக்கையாகத் திரள்கிறது. அந்தாட்டிக்காவில் அந்த அமோனியாவைப் பெங்குயின்களின் எச்சமும் வழங்குகிறது!

இவ்வுயிர்கள் முகில் வழியே புவியின் வெப்பத்தைச் சீர்செய்கின்றன என லவ்லொக் உள்ளிட்ட நால்வர் 1987 இல் கூறினர். விடயம் அத்துணை எளிதன்று எனப் பின்வந்தோர் மறுத்தனர். கடலுப்பும் அயடீனும் கூடத் துணிக்கை தருவதால், மறுப்பில் நியாயம் உண்டென்றே கருதுகிறோம். ஆயினும் ஆர்க்டிக் கடற்பனி சுருங்குவதால் வெயில் காணும் நீர்ப்பரப்பு விரிகிறது. மிதவைத் தாவரங்களும் மாறுகின்றன. அங்கு உருவாகும் முகில் வெயிலைத் திருப்பியனுப்புமா, வெப்பத்தைப் பொதிந்து வைக்குமா என்பது கிறீன்லாந்தின் நிலப்பனி உருகும் வேகத்தையும் தொடும். அவ்வுருகலால் உயரும் கடல், சுண்ணக்கல்லில் தேங்கிய மழைநீரை நம்பியே கிணறு வெட்டியுள்ள நம் குடாநாட்டின் நன்னீரை உவராக்க வல்லது.