பெரிய பாதை: ஒரு காடு, மூணு வாசல்

இன்னைக்கு நம்ம பக்கத்து ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். அம்பத்தூர்ல இருந்து பூந்தமல்லி போற பக்கம் இருக்கிறது திருவேற்காடு. வேல மரக் காடு இருந்த ஊர், அதனால வேற்காடு. வேதபுரீஸ்வரர் கோயிலோட தல விருட்சமே வெள்வேல மரம்தான். இப்போ அங்க காடு எங்கேன்னு கேட்டால் பேரைத்தான் காட்ட முடியும். பக்கத்துல ஓடுற கூவத்தைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம்.

சாமி இருந்தும் காடு போயிடுச்சு. அப்போ சாமி இருக்கிறதால காடு பிழைச்ச இடம் இருக்கா? இந்தக் கேள்வி என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் சபரிமலை. கார்த்திகை பிறந்தால் நம்ம ஏரியாவுல தெருவுக்கு நாலு பேர் மாலை போட்டிருப்பாங்க. அதனால இது நம்ம கதையும்தான்.

சபரிமலை இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்ளே. 1934-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் பெரியாறு ஏரியைச் சுற்றியுள்ள காட்டை வேட்டைக்குத் தடை உள்ள சரணாலயமாக்கியது. 1950-ல் அது விரிவாக்கப்பட்டது, 1978-ல் புலிகள் காப்பகமானது. இன்றைய பரப்பு 925 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பசுமைமாறா, பகுதி பசுமைமாறா மழைக்காடு. பக்தர்கள் இந்தப் பதினெட்டு மலைக் காட்டை ஐயப்பனின் பூங்காவனம் என்பார்கள்.

இந்தக் காட்டுக்குப் போக மூணு மதத்தோட வாசல் இருக்கு. எருமேலியில் வாவர் பள்ளிவாசல். பேட்டை துள்ளி வரும் சாமிகள் அதை வலம் வந்துதான் காட்டுக்குள் கால் வைக்கிறார்கள். பேட்டை துள்ளலுக்கு முந்தைய இரவு பள்ளிவாசலிலிருந்து சந்தனக்குடம் ஊர்வலம் கிளம்பும். மறுநாள் அம்பலப்புழா குழுவோடு வாவரின் பிரதிநிதி கிளம்புவார். பின்னால் வரும் ஆலங்காட்டுக் குழு பள்ளிவாசலுக்குள் போகாது. வாவர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. சன்னிதானத்தில் வாவர் நடையில் பிரசாதம் மிளகு. திரும்பும் வழியில் ஆலப்புழை அருகே அர்த்துங்கல் புனித அந்திரேயா தேவாலயத்தில் மாலையைக் கழற்றும் வழக்கம் பலருக்கு உண்டு. அங்கிருந்த பாதிரியார் ஐயப்பனின் நண்பர் என்பது கதை.

கேட்க நல்லா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனா இந்த நட்பு மட்டும் காட்டைக் காப்பாத்தலை. அதுக்கு நானே சாட்சி.

பத்தாவது படிக்கும்போது கன்னிசாமியாகப் பெரிய பாதையில் போனேன். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை ஏறி இறங்கி பம்பை வரை, 40 கிலோமீட்டருக்கு மேல் நடை. பம்பையில் குளித்ததும் முன்னால் நின்றவர் வேட்டியை ஆற்றில் விட்டார். நானும் விட்டேன். எந்தச் சடங்கிலும் அப்படி இல்லை, பார்த்துச் செய்ததுதான். எங்கள் குருசாமி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். திட்டவில்லை. "சாமி, கோயில் மேல இருக்குன்னு நினைச்சிட்டீங்க. எருமேலி தாண்டினதுமே கோயில்தான்" என்றார். அந்த வேட்டி அதற்குள் வளைவு தாண்டிப் போயிருந்தது.

லட்சக்கணக்கானவர்கள் இதையே செய்தால்? பாதையோரக் கடைகளுக்குக் கம்பும் விறகும் காட்டிலிருந்தே வந்தன. பிளாஸ்டிக்கை மிளாக்கள் தின்றன. எல்லோருக்கும் புனிதமான காடு, ஆனால் யாருக்கும் பொறுப்பில்லாத காடு.

மாற்றம் வந்தது நிர்வாகத்தின் வழியாக. 1990களின் பிற்பகுதியில் உலக வங்கி நிதியோடு பெரியாறில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் உருவாயின. யாத்திரைப் பாதையில் கடை நடத்தும் உரிமை காட்டோர மக்களின் குழுக்களுக்குக் கிடைத்தது. அந்த வட்டாரத்தில் மூன்று மதத்தாரும் இருக்கிறார்கள், பழங்குடிகளும் இருக்கிறார்கள். காடு நின்றால்தான் அவர்களுக்குச் சோறு. 2011-ல் காவல் அதிகாரி பி. விஜயன் முன்னெடுத்த 'புண்யம் பூங்காவனம்' பக்தர்களையே குப்பை பொறுக்க வைத்தது.

உலக அளவிலும் இதே பாடம்தான். 1986-ல் இத்தாலியின் அசிசியில் ஐந்து மதத் தலைவர்கள் இயற்கையைக் காப்போம் என்று தனித்தனிப் பிரகடனங்கள் தந்தார்கள். இந்து மதத்துக்காகத் தந்தவர் கரண் சிங். 2017-ல் ஆஸ்லோவில் மழைக்காடுகளுக்கான சர்வமத முயற்சி தொடங்கியது. பிரேசில், கொலம்பியா, பெரு, காங்கோ, இந்தோனேசியா என நாடு நாடாகக் குழு அமைத்தார்கள். பிரகடனத்திலிருந்து இந்த முயற்சிக்கு வர 31 வருஷம் ஆகியிருக்கு.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பை தன் கரையில் நாம் கட்டிய கட்டடங்களை இடித்து, மணலால் மூடிவிட்டுப் போனது. அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு அந்த வேட்டிதான் ஞாபகம் வந்தது.

அதனால இந்த சீசன் மாலை போடுற சாமிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இருமுடியில பிளாஸ்டிக் கவர் வேண்டாம்னு தேவஸ்வமே கேட்டிருக்கு. கட்டுநிறை அன்னைக்கு உங்க குருசாமிகிட்ட ஞாபகப்படுத்துங்க. வேற்காட்டுக்கு நம்மால பேரை மட்டும்தான் மிச்சம் வைக்க முடிஞ்சுது. பூங்காவனம் இன்னும் காடாவே இருக்கு.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.