கடனாளியின் பெயரை எப்படி எழுதுவது? ஒரு புள்ளியின் கதை

2006-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு வழக்கு. கடன் வாங்கிய நிறுவனத்தின் பெயர் கே.டபிள்யூ.எம். எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். கடன் கொடுத்தவர் மாநில அலுவலகத்தில் பதிவு செய்தபோது புள்ளிகளை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இடைவெளி போட்டு, கே டபிள்யூ எம் என்று எழுதிவிட்டார். பதிவு செல்லாது என்று தீர்ப்பானது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. புள்ளி போய் இடைவெளி வந்தது, அவ்வளவுதான்.

டேட்டாபேஸோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிற எனக்கு, ‘ரெண்டு வரி கோடு எழுதியிருந்தா தீர்ந்திருக்குமே, இதுக்குப் போயி ஒருத்தர் உரிமையை எடுப்பாங்களா?’ என்றுதான் முதலில் தோன்றியது. பின்கதையைத் தோண்டிப் படித்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில், இந்தப் பதிவு எதற்கு? நகையை அடகு வைத்தால் நகை அடகுக்காரரிடம் இருக்கும். இன்னொருவரிடம் அதையே வைக்க முடியாது. ஆனால் விவசாயி அறுவடை இயந்திரத்தை ஈடாக வைத்தால், இயந்திரம் அவரிடமே இருந்தாக வேண்டும். ஓட்டினால்தானே கடனை அடைப்பார்? பார்க்கிறவர்களுக்கோ அது வில்லங்கம் இல்லாத சொத்தாகவே தெரியும். அதை நம்பி இன்னொருவரும் கடன் கொடுப்பார்.

இது பழைய தலைவலி. 1601-ல் இங்கிலாந்தில் பியர்ஸ் என்பவர் ட்வைன் என்பவருக்கு 400 பவுண்டு கடன்பட்டிருந்தார். இன்னொருவருக்கு 200 பவுண்டு. அந்த இன்னொருவர் வழக்குப் போட்டதும், பியர்ஸ் தன் உடைமை எல்லாவற்றையும் ட்வைனுக்கு ரகசியமாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஆடுகள் இவரிடமேதான் இருந்தன. ரோமம் கத்தரித்தார், தன் அடையாளத்தையே ஆட்டின் மேல் போட்டார், சிலதை விற்கவும் செய்தார். நீதிமன்றம் இதை மோசடி என்றது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற ட்வைன் வழக்கு இதுதான்.

ரகசியம்தான் பிரச்சினை என்றால், ஊரறியச் செய்வதுதான் தீர்வு. 1830-களில் நியூயார்க் போன்ற அமெரிக்க மாநிலங்கள் அசையும் சொத்து அடமானத்தைப் பொது அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் போட்டன. பதிவு இருந்தால், பொருள் கடனாளி கையில் இருந்தாலும் பரவாயில்லை.

பதிவேட்டை எதை வைத்து அடுக்குவது? நிலத்துக்கு சர்வே எண் இருக்கிறது. பைக்குக்கு நம்பர் இருக்கிறது. கடனில் வாங்கினால் ஆர்.சி. புத்தகத்திலேயே பேங்க் பெயர் ஏறிவிடும். ஆனால் கோதுமைக் குவியலுக்கு என்ன எண்? இன்று வந்து நாளை விற்றுப்போகும் கடைச் சரக்குக்கு? அதனால் கடனாளியின் பெயரை வைத்துத்தான் அடுக்க முடிந்தது. பின்னால் வந்த அத்தனை வழக்குக்கும் விதை இங்கே விழுந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சட்டங்கள் ஒரே குழப்பமாக இருந்தன. ஒவ்வொரு வகை ஈட்டுக்கும் தனித்தனி விதி, தனித்தனிப் பதிவு. இதையெல்லாம் ஒன்றாக்கியது 1952-ல் வந்த யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடின் ஒன்பதாவது பிரிவு. அதை எழுதியதில் கிராண்ட் கில்மோர், அல்லிசன் டன்ஹாம் இருவரும் முக்கியமானவர்கள். 1953-ல் பென்சில்வேனியா முதலில் ஏற்றது. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. கடனாளி பெயர், கடன் கொடுத்தவர் பெயர், எந்தப் பொருள் ஈடு என்று சுருக்கமாக ஒரு படிவம். பொதுவாக யார் முதலில் பதிந்தாரோ அவருக்கே முதல் உரிமை.

பெயரில் பிழை வந்தால்? தேடுகிறவரை மோசமாகத் திசைதிருப்பாத சின்னத் தவறு பதிவைக் கெடுக்காது என்றது பழைய விதி. ஒழுங்காகத் தேடுகிற ஒருவர் இதைக் கண்டுபிடித்திருப்பாரா என்று நீதிபதிகள் கேட்டார்கள். மனிதர்கள் அட்டையைப் புரட்டித் தேடிய காலத்துக்கு அது பொருந்தியது. ரோஜரைத் தேடும்போது பக்கத்திலிருக்கும் ராட்ஜர் கண்ணில் படும்.

கணினி வந்ததும் இந்தக் கேள்விக்கு நிச்சயமான பதில் இல்லாமல் போனது. எத்தனை விதமாக மாற்றி மாற்றித் தேடினால் ‘ஒழுங்காகத் தேடியது’ ஆகும்? ஒவ்வொரு நீதிமன்றமும் ஒவ்வொன்று சொல்லும். எனவே புதிதாக எழுதப்பட்டு 2001 ஜூலை 1-ல் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வந்த விதி, மனிதரை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பிடித்தது. பெயர் பிழையாக இருந்தால் பதிவு செல்லாது. ஒரே ஒரு விதிவிலக்கு: சரியான பெயரைப் போட்டு, அந்த அலுவலகத்தின் வழக்கமான தேடல் முறையில் தேடினால் பிழையான பதிவும் வந்து விழ வேண்டும். வந்தால் செல்லும்.

எனக்குத் தெரிந்து, ஒரு மென்பொருளின் விடையையே சட்டம் இப்படி நேரடியாக அளவுகோலாக எடுத்துக்கொண்ட இடம் வேறில்லை. யூட்டாவில் நடந்தது இதுதான். புள்ளியை எடுத்தால் மூன்று எழுத்தும் ஒட்டி ஒரே சொல். இடைவெளி விட்டால் மூன்று சொல். சரியான பெயரில் தேடியபோது அந்தப் பதிவு வரவில்லை.

கான்சாஸ் மாநிலத்தில் இரண்டு வழக்குகள். டெரன்ஸ் என்ற விவசாயியை எல்லோரும் டெரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஜான் டீர் நிறுவனமும் டெரி என்றே பதிந்தது. அவர் திவாலானார். முதலில் தீர்ப்பு ஜான் டீர் பக்கம். 2004-ல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. இரண்டாவதில் ஒரு டிராக்டர், இரண்டு கடன்காரர்கள். ஒருவர் ராட்ஜர் என்ற பெயரை ரோஜர் என்று பதிந்துவிட்டார், ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து குறைவு. 2006-ல் மாநில உச்ச நீதிமன்றம், பெயரைச் சரியாக எழுதிய பேங்குக்குத்தான் முன்னுரிமை என்றது.

தோற்றவருக்கு என்ன ஆகும்? திவால் வழக்கில் பதிவு செல்லாது என்றால் அவர் ஈடில்லாத கடன்காரர் ஆகிவிடுவார். டிராக்டர் மேல் இருந்த உரிமை போய், வரிசையில் எல்லோரோடும் நின்று கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இது கொடுமை இல்லையா? இங்கேதான் என் எண்ணம் மாறியது. வழக்கில் நம் கண்ணுக்குத் தெரிவது பிழை செய்தவர். ஆனால் பதிவேடு இருப்பது, நாளைக்கு வந்து தேடப்போகும் மூன்றாமவருக்காக. அவர் சரியான பெயரைத் தட்டுகிறார், ஒன்றும் வரவில்லை, நம்பிப் பணம் கொடுக்கிறார். அவர் செய்த தவறு என்ன? ரோஜர், ராட்ஜர், டெரி என்று எத்தனை பேரைத்தான் அவர் யூகிப்பார்? எழுதியவர் ஒரு தடவை சரியாக எழுதினால், தேடுகிற எல்லோருக்கும் வேலை மிச்சம். ட்வைன் வழக்கில் ஏமாந்ததும் இதே மூன்றாமவர்தான்.

தாராளமான தேடல் வைத்தால் தீராதா? ஃப்ளோரிடா அப்படித்தான் வைத்திருந்தது. அங்கே தேடினால், பொருந்தும் பெயர்கள் மட்டும் வராது. அகரவரிசைப் பட்டியலில் அந்த இடம் திறக்கும், முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் பெயரில் ‘புலவார்டு’ என்ற சொல்லைக் கடன் கொடுத்தவர் சுருக்கி ‘பி.எல்.வி.டி.’ என்று பதிந்திருந்தார். முந்தைய பக்கத்துக்கு ஒரு க்ளிக் செய்தால் பதிவு தெரியும். திவால் நீதிமன்றம் அது போதும் என்றது. 2022-ல் மாநில உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது: எல்லாப் பெயரையும் காட்டுவது தேடலே இல்லை, எனவே வழக்கமான தேடல் முறை என்று ஒன்று இங்கே கிடையாது, எனவே விதிவிலக்கும் கிடையாது. எல்லாவற்றையும் காட்டிய மாநிலத்தில் பிழைக்கு இடமே இல்லாமல் போனது.

நிறுவனம் என்றால் பதிவான பெயரைப் பார்த்து எழுதலாம். தனிமனிதருக்கு எது ‘சரியான’ பெயர்? 2010-ல் எழுதி, பரவலாக 2013 ஜூலை 1-ல் அமலான திருத்தம், பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தைக் கைகாட்டிவிட்டது. காலாவதியாகாத உரிமத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். நம்மாட்களுக்கு இது சுவாரசியமானது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் தெரியாது என்பதற்கான எஃப்.என்.யூ. முன்னால் வந்து நிற்கும். அது உரிமத்திலும் ஏறிவிட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் அங்கே கடைச் சரக்கை ஈடு வைத்தால், அம்மா அப்பா வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் பேங்க் உரிமத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

விவரம் தெரிந்த கடன்காரர்கள் ஒன்று செய்கிறார்கள். பதிந்து முடித்ததும், தாங்களே மூன்றாமவர் மாதிரி சரியான பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கிறார்கள். தங்கள் பதிவு வந்தால் நிம்மதி. வராவிட்டால் அன்றைக்கே திருத்திவிடலாம். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் டெஸ்டிங். யூட்டாக்காரர் அந்த ஒரு தேடலைச் செய்திருந்தால் வழக்கே வந்திருக்காது.