ஓசூர்ல ரிட்டயர் ஆனா இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எல்லை தாண்டினால் எந்தப் பணம் கூட வரும், எது வராது?

ஓசூர் சிப்காட்டில் 25, 30 வருஷம் ஷிப்ட் பார்த்தாச்சு. 58 வயது முடிந்ததும் மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து, செட்டில்மென்ட் பேப்பரும் கையில் கொடுத்துவிடுவார்கள். அடுத்த நாள் காலையில் வீட்டில் எழும் முதல் கேள்வி: "இனிமே எங்க இருக்கப் போறோம்?"

ஓசூரிலேயே இருந்துவிடலாமா? பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன், மகளோடு போய்விடலாமா? வாடகை குறைவு என்று அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் வீடு பார்க்கலாமா? இல்லை, தர்மபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று சொந்த ஊருக்கே கிளம்பலாமா?

ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகா. பஸ்ஸில் சில நிமிடம்தான். ஆனால் அந்தச் சில நிமிட தூரத்தில் ரேஷன், கரண்ட் பில், பெண்களுக்கான உதவித்தொகை, பத்திரச் செலவு எல்லாமே மாறிவிடும். எது மாறும், எது மாறாது? 2025 நிலவரப்படி பார்க்கலாம்.

முதலில், கைக்கு எவ்வளவு பென்ஷன் வரும்?

"இவ்வளவு வருஷம் பி.எஃப். கட்டியிருக்கேன், பென்ஷன் நல்லா வரும்" என்று நம்பி இருப்பவர்கள் நிறைய. உண்மைக் கணக்கு வேறு.

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், அதாவது இ.பி.எஸ்.-95, 1995 நவம்பர் 16-ல் தொடங்கியது. கம்பெனி கட்டும் 12 சதவீத பி.எஃப். பங்கில் 8.33 சதவீதம் இந்தத் திட்டத்துக்குப் போகிறது. ஆனால் இதற்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. நீங்கள் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கியிருந்தாலும் பென்ஷன் கணக்குக்குப் போனது மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய்தான்.

பென்ஷன் சூத்திரம் எளிது. சம்பளத்தைப் பணிபுரிந்த வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2014 செப்டம்பருக்கு முன் செய்த சர்வீஸுக்கு உச்சவரம்பு 15,000 இல்லை, வெறும் 6,500 ரூபாய்.

ஒரு உதாரணம். 2000 செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்து, 2025 ஆகஸ்டில் 58 வயதில் ஓய்வு பெறும் ஒருவர்:

• முதல் 14 வருஷம்: 6,500 x 14 / 70 = 1,300 ரூபாய்
• அடுத்த 11 வருஷம்: 15,000 x 11 / 70 = 2,357 ரூபாய்
• 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் போனஸாக 2 வருஷம் சேரும்: ஏறக்குறைய 300 ரூபாய்

மொத்தம் மாதம் சுமார் 3,950 ரூபாய். 25 வருஷ உழைப்புக்கு இவ்வளவுதான். இதில் அகவிலைப்படி கிடையாது, அதாவது விலைவாசி ஏறினாலும் தொகை ஏறாது. குறைந்தபட்ச பென்ஷன் 2014-ல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதை 7,500 ஆக்க வேண்டும் என்பது ஓய்வூதியர் அமைப்புகளின் நீண்டநாள் கோரிக்கை.

ஓய்வுக்குப் பிறகு கணவர் இறந்துவிட்டால் மனைவிக்கு வருவது இதில் பாதி. மேலே சொன்ன உதாரணத்தில் 2,000 ரூபாய்க்கும் குறைவு. குடியேறும் ஊரை முடிவு செய்யும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கான்ட்ராக்டில் கம்பெனி மாறி மாறி வேலை செய்தவர்கள் இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டும். பென்ஷன் கிடைக்க மொத்தம் 10 வருஷம் சர்வீஸ் தேவை. எல்லாக் கம்பெனி சர்வீஸும் ஒரே யு.ஏ.என். எண்ணில் சேர்ந்திருக்கிறதா என்பதை ஓய்வுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கர்நாடகா போனா பென்ஷன் நிக்குமா?

நிற்காது. இது மத்திய அரசுத் திட்டம். 2025 ஜனவரியில் இருந்து மையப்படுத்தப்பட்ட பென்ஷன் வழங்கும் முறை வந்துவிட்டது. நாட்டின் எந்த ஊரில், எந்த வங்கிக் கிளையில் கணக்கு இருந்தாலும் பணம் வரும். ஊர் மாறும்போது பென்ஷன் ஆவணத்தை ஒரு அலுவலகத்தில் இருந்து இன்னொரு அலுவலகத்துக்கு மாற்ற அலைய வேண்டியதில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அதை எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளில் இருந்து 12 மாதம் செல்லும். மெஷினில் வேலை செய்து கைரேகை தேய்ந்துபோனவர்கள் கவலைப்பட வேண்டாம். செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று பதிவு செய்யும் வசதி இருக்கிறது.

செட்டில்மென்ட் பணத்தை என்ன பண்ணலாம்?

பென்ஷன் சிறியது என்பதால் வீட்டை நடத்தப் போவது பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும்தான். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 26,000 ரூபாய் என்றால், ஒரு வருஷ சர்வீஸுக்கு 15,000 வீதம் 25 வருஷத்துக்கு 3.75 லட்சம் ரூபாய் கிராஜுவிட்டி வரும்.

பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 25 லட்சம் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ரிஸ்க் இல்லாத வழி இது:

• மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம்: 8.2 சதவீத வட்டி. 3 மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய், அதாவது மாதம் 10,250
• அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 5 லட்சம்: 7.4 சதவீத வட்டி. மாதம் சுமார் 3,083
• மீதி 5 லட்சம்: ஆஸ்பத்திரி, அவசரச் செலவுக்கு வங்கியில்

பென்ஷனோடு சேர்த்தால் மாதம் சுமார் 17,280 ரூபாய். சொந்த வீடு இருந்தால் ஓசூரில் இருவர் சிக்கனமாக ஓட்டலாம். வாடகை வீடு என்றால் இழுபறிதான்.

மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 60 வயது ஆகணுமே, 58-ல் எப்படி என்ற சந்தேகம் வரும். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெறுபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஓய்வுக்கால பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் முதலீடு செய்ய வேண்டும். அந்த 3 மாதத்தைத் தவறவிட்டால் 60 வயது வரை காத்திருக்க வேண்டியதுதான். மாலை வாங்கின கையோடு "இங்க போடுங்க, மாசம் 3 வட்டி" என்று ஆட்கள் வந்து நிற்பதும் சரியாக இந்த நேரத்தில்தான். உஷார்!

இன்னொரு எச்சரிக்கை. விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினால், இன்று 17,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 10 வருஷம் கழித்து சுமார் 27,700 ரூபாய் தேவைப்படும். வட்டி வருமானம் அப்படி ஏறாது. அதனால் வருவதை எல்லாம் செலவு செய்துவிடக் கூடாது.

லைன் வீட்டு வாடகை நம்பலாமா?

ஓசூரில் 'உட்கார்ந்து சாப்பிடும் வருமானம்' என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது லைன் வீடுதான். மத்திகிரி, பாகலூர் ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு பக்கம் இரண்டு சென்ட் மூன்று சென்ட் வாங்கிப்போட்டு, மேலே கீழே இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டவர்கள் உண்டு. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா எலக்ட்ரிக் என்று புதுக் கம்பெனிகள் வந்த பிறகு இந்த நம்பிக்கை கூடியிருக்கிறது.

வாடகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வட்டி போல் அப்படியே நிற்காமல் விலைவாசியோடு ஏறும். ஆனால் குடி வருபவர்களும் தொழிலாளிகள்தான். கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் முதலில் கான்ட்ராக்ட் ஆட்கள் போவார்கள், அடுத்த மாதம் வீடு காலியாகும். கம்பெனியே ஹாஸ்டல் கட்டினாலும் இதே கதை. பெயின்ட், மோட்டார், வீட்டு வரி எல்லாம் உங்கள் தலையில். எனவே செட்டில்மென்ட் மொத்தத்தையும் செங்கல், சிமெண்டில் போடுவது ஆபத்து.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் பிரச்சினை வரும்போது பிடிமானம் இருக்காது.

எல்லை தாண்டினால் எதெல்லாம் மாறும்?

*பெண்கள் உதவித்தொகை:* தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். கர்நாடகாவில் 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹலட்சுமி 2,000 ரூபாய். 'அட, டபுளா இருக்கே' என்று தோன்றும். ஆனால் அதற்கு அந்த மாநில ரேஷன் கார்டு வேண்டும், குடும்பத் தலைவி என்று அதில் பெயர் இருக்க வேண்டும். இங்கே பெயரை நீக்காமல் அங்கே கார்டு வாங்க முடியாது.

*கரண்ட்:* தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கர்நாடகாவின் கிருஹ ஜோதியில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். ஆனால் அந்த வீட்டின் பழைய சராசரிப் பயன்பாட்டை வைத்தே அளவு முடிவாகும். புதிதாகக் குடிபோகிறவருக்கு 200 யூனிட்டும் அப்படியே கிடைத்துவிடாது.

*பஸ்:* தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் எல்லாப் பெண்களுக்கும் இலவசம், எந்த ஊர் என்று கேட்பதில்லை. கர்நாடகாவின் சக்தி திட்டம் அந்த மாநில முகவரி உள்ள பெண்களுக்கு மட்டும். ஓசூர் ஆதாரோடு போனால் டிக்கெட் எடுக்க வேண்டும்.

*வீடு:* பெங்களூருவில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் நீண்டகாலமாக இருக்கிறது. செட்டில்மென்ட்டில் ஒரு பகுதி வட்டி இல்லாமல் அங்கேயே முடங்கும். வீடு வாங்கினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கர்நாடகாவில் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம், கூடவே செஸ். பத்திரச் செலவு அங்கே குறைவு, ஆனால் பெங்களூருவை நெருங்க நெருங்க நிலத்தின் விலை அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

*தண்ணீர்:* 2024 கோடையில் பெங்களூரு பட்ட பாடு நினைவிருக்கும். வீடு பார்க்கும்போது வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். டேங்கர் என்றால் அது மாதச் செலவில் தனிக் கணக்கு.

*வண்டி:* தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வண்டியை கர்நாடகாவில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து, சாலை வரி கட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரி செலவு?

வட்டி, வாடகைக் கணக்கை எல்லாம் கவிழ்க்கக் கூடியது இதுதான். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் பொதுவாக ஓய்வு பெறும் நாளோடு முடிந்துவிடும். சர்க்கரை, பிரஷர் வந்த பிறகு தனியாக பாலிசி எடுத்தால் காத்திருப்புக் காலம் உண்டு. எனவே 55 வயதிலேயே தனி பாலிசி ஒன்று தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது.

ஓய்வு பெறும்போது இ.எஸ்.ஐ.-யில் இருந்தவர்கள், 5 வருஷமாவது அதில் இருந்திருந்தால், வருஷத்துக்கு வெறும் 120 ரூபாய் கட்டி தனக்கும் மனைவிக்கும் சிகிச்சையைத் தொடரலாம். பலருக்கும் இது தெரிவதில்லை.

70 வயது ஆகிவிட்டால் வருமான வரம்பே இல்லாமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு உண்டு. இது 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. ஆனால் முதல்வர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு ரேஷன் கார்டோடு கட்டப்பட்டது. கார்டு போனால் அதுவும் போகும்.

பெரிய சிகிச்சைக்கு ஜெயதேவா, நிம்ஹான்ஸ், கித்வாய் என்று ஓசூர்க்காரர்கள் பெங்களூரு போவது புதிதில்லை. அதற்காக அங்கேயே குடியேற வேண்டும் என்றில்லை. கிருஷ்ணகிரியிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருக்கிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

சிங்கப்பூரில் செலவு தாங்காமல் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் வீடு பார்ப்பவர்கள் உண்டு. அமெரிக்கர்கள் மெக்சிகோவுக்குப் போகிறார்கள். வருமானம் ஒரு பக்கம், செலவு மறுபக்கம் என்ற அதே கணக்குதான். அவர்களுக்கு விசா வேண்டும், வங்கியில் பெரிய தொகையைக் காட்ட வேண்டும். ஓசூர்க்காரருக்கு அத்திப்பள்ளி போக ஒரு பஸ் டிக்கெட் போதும். அதனாலேயே, கணக்குப் போடாமல் மாறிவிடும் ஆபத்தும் அதிகம்.

சரி, கடைசியா என்ன செய்யலாம்?

• பி.எஃப்., பென்ஷன், அஞ்சலக வட்டி: எல்லை தாண்டியும் கூடவே வரும்.
• மகளிர் தொகை, இலவச மின்சாரம், முதல்வர் காப்பீடு: எல்லையிலேயே நின்றுவிடும். அங்கே புதிதாக வாங்கும் வரை இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்க வேண்டிவரும்.
• மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தால், முதல் ஒரு வருஷம் ஓசூர் வீட்டை விற்காதீர்கள், ரேஷன் கார்டையும் மாற்றாதீர்கள். பழகிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.
• வங்கிக் கணக்கு, சேமிப்புப் பத்திரம் எல்லாவற்றிலும் மனைவி பெயரை ஜாயின்டாகவோ நாமினியாகவோ சேர்த்துவிடுங்கள்.

கடைசி விஷயம்தான் முக்கியம். எங்கே குடியேறுவது என்ற பேச்சில் பெரும்பாலும் கணவரின் பென்ஷனை வைத்தே கணக்குப் போடுகிறோம். அந்த பென்ஷன் பாதியாகும் நாளில் மனைவி தனியாக அந்த ஊரில் சமாளிக்க முடியுமா, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு யாரையும் எதிர்பார்க்காமல் போக முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு எந்த ஊர் 'ஆமாம்' சொல்கிறதோ, அது எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் சரியான ஊர்தான்.